தவணை முடிஞ்ச போனை அன்லாக் பண்றது அமெரிக்காவுல சட்டவிரோதமா?

கேள்வி:
கேரியர்கிட்ட, அதாவது மொபைல் சேவை கம்பெனிகிட்ட, தவணையில வாங்கின ஆண்ட்ராய்டு போன். தவணை முழுசும் கட்டி முடிச்சாச்சு. சீக்கிரமே இந்தியா போறேன். சோதனைக்கு வேற கம்பெனி சிம்மைப் போட்டா, 'நெட்வொர்க் அன்லாக் பின்' கேட்டு அப்படியே நிக்குது. வேற கம்பெனி சிம்மை ஏத்துக்காத அந்தப் பூட்டை எடுக்கணும். கூட வேலை பார்க்கிறவர் "அன்லாக் பண்ணா கேஸாகும்"னு பயமுறுத்துறார். நிஜமாவா?

பதில் 1:
பயப்படாதீங்க. அவர் சொல்றது 2013 கதை. 1998-ல வந்த டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி மென்பொருள் பூட்டை உடைக்கக் கூடாது. அதுக்கு விலக்கு கொடுக்கிறவர் நாடாளுமன்ற நூலகர். 2006-லயும் 2010-லயும் போன் அன்லாக்குக்கு விலக்கு கொடுத்தாங்க. 2012-ல அதைச் சுருக்கி, 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கின புது போனை கேரியர் அனுமதியில்லாம அன்லாக் பண்றது தப்புன்னு ஆக்கிட்டாங்க. பாட்டையும் படத்தையும் திருட்டுப் பிரதி எடுக்காம காக்கிற சட்டத்தை வச்சு, காசு கொடுத்து வாங்கினவனைக் கட்டிப்போட்டது அநியாயம். எனக்கு இன்னும் ஆறலை. ஒரு லட்சத்துக்கு மேல மக்கள் வெள்ளை மாளிகைக்கு மனு போட்டாங்க. 2014 ஆகஸ்ட் 1 அன்னிக்கு ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம் அந்த விலக்கைத் திருப்பிக் கொடுத்தது. நீங்க சொல்லி இன்னொருத்தர் அன்லாக் பண்ணிக் கொடுத்தாலும் அது செல்லும்.

ஆனா ஒண்ணு. நீங்க அன்லாக் பண்ணலாம்னுதான் அந்தச் சட்டம் சொல்லுது, கேரியர் பண்ணியே தரணும்னு சொல்லலை. தவணை பாக்கியிருந்தா அந்த ஒப்பந்தமும் தனி. உங்களுக்கு அது முடிஞ்சாச்சு, அதனால தைரியமா கேளுங்க.

பதில் 2:
முதல்ல கேரியர்கிட்டயே கேளுங்க, கடைக்கு ஓடாதீங்க. *#06# அழுத்தினா ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வரும், அதைத்தான் கேட்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. அங்க போய் சிம்மை மாத்தின பிறகு கேட்டா, ஓடிபி கழட்டி வச்ச அமெரிக்க நம்பருக்குப் போகும், நீங்க முழிச்சிட்டு நிக்கணும்.

ஐஎம்இஐ-யை மாத்தித் தர்றேன்னு எவனாவது சொன்னா போனைக் கையிலயே கொடுக்காதீங்க. அது அன்லாக் இல்லை. இந்தியாவுல 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. கேரியர் தளத்துல விண்ணப்பம் போட்டுட்டேன். கனடாவுல இந்தத் தொல்லையே இல்லைன்னு அக்கா சொல்றாங்க, அப்படியா?

பதில் 1:
உண்மைதான். அங்க 2017 டிசம்பர் 1-லேர்ந்து புது போனைப் பூட்டில்லாமதான் விக்கணும், அன்லாக் கட்டணமும் கிடையாது. பிரிட்டன்ல 2021 டிசம்பர்லேர்ந்து பூட்டின போன் விக்கவே தடை. இங்கயும் அதைத்தான் கேட்கணும்.