மலை ரயில் சாகச ஆட்டம்: அமெச்சூர் படைப்பு என்பதற்காகக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாமா?

குன்னூர்வாசி:

நமது நீலகிரி மலை ரயிலை வைத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிய டெக்ஸ்ட் அட்வெஞ்சர் ஆட்டத்தை இங்கே சிலர் பரிந்துரைத்திருந்தார்கள். படம் எதுவும் கிடையாது. திரையில் வரும் வருணனையைப் படித்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து, கதையை நாமே நகர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த வண்டி ஹில்குரோவ் நிலையத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. பயணிகளில் ஒருவராகிய நாம் தண்டவாளத்தின் வழியே நடந்து சென்று குன்னூர் நிலையத்தில் செய்தி சொல்ல வேண்டும்.

கருவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'டார்ச்சை எடு' என்றால் எடுக்கும் ஆட்டம், 'டார்ச் எடு' என்றால் 'புரியவில்லை' என்கிறது. பேசும்போது நம்மில் எத்தனை பேர் அந்த ஐ உருபைச் சேர்க்கிறோம்? இதையாவது பழகிக்கொள்ளலாம். குகைப்பாதைக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டார்ச் அணைந்துவிடுவதைப் பழகிக்கொள்ள வழியில்லை. மாற்று பேட்டரி ஹில்குரோவ் தேநீர்க் கடையில் இருக்கிறது; அதற்குள் பின்பக்கமும் பாறை விழுந்து வழி அடைபட்டிருக்கும். தோற்றுவிட்டோம் என்பதைக்கூடச் சொல்லாமல், இருட்டில் நாம் தட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆட்டம் பதில் தந்துகொண்டே இருக்கிறது. வடக்கு, தெற்கு என்று திசை சொன்னாலும் ஏற்பதில்லை. இதைப் பரிந்துரைப் பட்டியலில் வைத்திருப்பது சரியல்ல என்பது என் கருத்து.

கோத்தகிரிக்காரன்:

திசை குறித்துத் தாங்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மலையில் யார் வடக்கே போகிறார்கள்? பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள் இருக்கின்றன. அங்கே வடக்கு என்பது வளைவுக்கு வளைவு மாறும். மேலே என்றால் குன்னூர், கீழே என்றால் கல்லாறு என்பதுதான் இங்குள்ள வழக்கம். ஆட்டம் 'மேலே', 'கீழே' என்ற இரண்டை மட்டும் ஏற்பது நிரலின் குறையன்று. எழுதியவர் இந்த மண்ணை அறிந்தவர் என்பதற்கு அதுவே சான்று.

விளக்கு அணைவதும் இந்த வகை ஆட்டங்களில் தொன்றுதொட்டு வருவதுதான். வில் குரோதர் 1976-இல் எழுதி, டான் வுட்ஸ் 1977-இல் விரிவாக்கிய குகை ஆட்டத்திலும் விளக்கின் ஆயுள் வரம்புக்குட்பட்டதே. ஆட்டக்காரருக்கு உரிமைகள் உண்டு, எச்சரிக்காமல் வழியை அடைக்கக் கூடாது என்றெல்லாம் கிரஹாம் நெல்சன் பட்டியலிட்டது 1990-களில்தான். தனியாளாக, கூலி எதுவும் பெறாமல், அதுவும் தமிழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் எதிர்பார்க்கலாமா?

குன்னூர்வாசி:

தாங்கள் காட்டிய முன்னுதாரணமே தங்களுக்கு எதிராக நிற்கிறது. வுட்ஸின் பதிப்பில் விளக்கு திடீரென்று அணைவதில்லை. ஒளி மங்குகிறது என்று ஆட்டம் எச்சரிக்கும், பேட்டரி விற்கும் இயந்திரம் ஒன்று எங்கே இருக்கிறது என்பதையும் கோடிகாட்டும். நெல்சன் எழுதியதை நிறுவனங்களுக்கான சட்டமாகக் கருதவும் வேண்டாம். இத்தகைய ஆட்டங்களைத் தனியாட்கள் எழுதுவதற்கென்றே இன்ஃபார்ம் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர் அவர். அந்தப் பட்டியல் அமெச்சூர்களுக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதான். எச்சரிக்கை என்பது ஒரு வாக்கியம். அதை எழுதப் பணமும் வேண்டாம், ஆள்பலமும் வேண்டாம்.

திசையைப் பொறுத்தவரை, 'மேலே', 'கீழே' இருக்கட்டும். 'வடக்கு' என்பவரிடம் 'இங்கே மேலும் கீழும்தான் போகலாம்' என்று ஒரு வரி சொல்வதற்குப் பதிலாகப் 'புரியவில்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வானேன்?

பல்சக்கரம்:

இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. வண்டி நின்றவுடன் ஆட்டம் நம்மிடம் சொல்லும் முதல் வேலை, எஞ்சின் ஓட்டுநரைப் பார்த்துவிட்டு வருவது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பல்தண்டவாளம் உள்ள கல்லாறு–குன்னூர் பகுதியில் நீராவி எஞ்சின் எப்போதும் கீழ்முனையில்தான் இருக்கும்; ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். ஆகவே நான் 'கீழே போ' என்று தட்டினேன். 'இங்கே மழையைத் தவிர வேறொன்றும் இல்லை' என்று பதில் வந்தது. 'மேலே போ' என்றதும், முதல் பெட்டிக்கும் முன்னால் எஞ்சின் புகைந்துகொண்டு நின்றது! இந்தப் பாதையையே அறியாத ஒருவர் முதல் கட்டளையிலேயே சரியான இடத்துக்குப் போய்விடுவார். அறிந்தவர்தான் மழையில் நனைய வேண்டும். மண்ணை அறிந்தவர் எழுதியது என்று கோத்தகிரிக்காரர் சொன்னதை இதையும் சேர்த்து மறுபடி எடைபோட வேண்டும்.

பெட்டிக்குப் பெட்டி நின்று பிரேக் பிடிக்கும் ஊழியர்களைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. முன்முனையில் கொடியோடு நிற்கும் ஊழியர்தானே பின்னாலிருக்கும் ஓட்டுநருக்குக் கண்!

கோத்தகிரிக்காரன்:

எஞ்சின் இடம் மாறியது பிழைதான். இரண்டு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தேநீர்க் கடைக் காட்சியைப் படித்தீர்களா? ஈரச் சாக்கில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லும் கடைக்காரர், பேட்டரியைக் கடனாகக் கொடுத்துவிட்டுக் குன்னூரில் தம் மைத்துனரிடம் காசைக் கொடுத்துவிடும்படி சொல்கிறார். கடைசியில் அந்த மைத்துனர்தான் நிலையத்தில் நமக்குக் கதவைத் திறந்துவிடுபவர். பிழையே இல்லாத எத்தனையோ ஆட்டங்களில் இப்படி ஒரு மனிதரைக்கூட நான் கண்டதில்லை. குகைப்பாதைக்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளவும் என்ற குறிப்போடு பட்டியலில் இருக்கட்டும் என்பதே என் நிலை.

குன்னூர்வாசி:

கடைக்காரர் நல்ல பாத்திரம்தான். ஆனால் முதன்முறை ஆடுபவர் அந்தக் கடைக்கு இறங்கிப் போக ஆட்டத்தில் எந்தத் தூண்டுதலும் இல்லை. போகாதவர் அவரைச் சந்திக்காமலே இருட்டில் மாட்டிக்கொள்வார். சேமித்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பை நாம் வெளியிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது என்றால், ஆட்டம் இன்னும் முடிக்கப்படவில்லை என்றுதான் பொருள். திருத்திய பதிப்பு வரும்வரை பட்டியலிலிருந்து எடுத்துவைப்போம்.

பல்சக்கரம்:

இரண்டு வரித் திருத்தம் போதாது. எஞ்சினைக் கீழ்முனைக்குக் கொண்டுபோனால், மண்சரிவு வண்டியின் ஒரு முனையிலும் ஓட்டுநர் மறுமுனையிலும் இருப்பார்கள். சரிவை நேரில் பார்த்தவர் கொடி ஊழியர் ஒருவரே. அப்போது பயணி அவரிடம் விவரம் கேட்டு, எல்லாப் பெட்டிகளையும் கடந்து இறங்கி வந்து, ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அங்கிருந்து ஹில்குரோவ் கடை கொஞ்சம் கீழேதான். ஓட்டுநரே 'கடையில் பேட்டரி கிடைக்கும், வாங்கிக்கொண்டு போ' என்று சொல்லிவிட்டால் குன்னூர்வாசி கேட்கும் தூண்டுதலும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. இதை அந்த மாணவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.