கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் வேலை, நான் இந்து. காலைச் செபத்தின்போது என்ன செய்வது?

புது_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் என்னைச் சிங்கப்பூரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் போட்டிருக்கிறார்கள். தமிழ் எடுக்கிறேன், தொடக்கநிலை 2இல் ஒரு வகுப்புக்குத் துணை வகுப்பாசிரியராகவும் இருக்கிறேன். முன்பு இருந்த அரசுப் பள்ளியில் கொடியேற்றம், தேசிய கீதம், உறுதிமொழி முடிந்தால் நேராக வகுப்புதான். இங்கே அதற்கு அப்புறம் ஒலிபெருக்கியில் செபம் வரும், பிள்ளைகள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சேர்ந்து சொல்வார்கள். இடைவேளைக்கு முன் ஒரு சின்ன செபம், வீட்டுக்குப் போகும் முன் இன்னொன்று. விழா நாள்களில் மண்டபத்தில் திருப்பலி, அதாவது பாதிரியார் நடத்தும் பூசை.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் வகுப்புக்கு முன்னால் நிற்கும்போது அத்தனை பிள்ளைகளும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கூடச் சொல்வதா, உதட்டை மட்டும் அசைப்பதா, சும்மா நிற்பதா? போன வாரம் ஒரு இந்துப் பிள்ளை வந்து, "டீச்சர், நானும் நெத்தியில கை வச்சு அப்படிப் போடலாமா?" என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன். சரியான பதில்தானா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லூர்து_பங்கு_மேரி

வணக்கம் டீச்சர். நான் ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துப் பங்கைச் சேர்ந்தவள், பல வருஷமாக மறைக்கல்வி எடுக்கிறேன், என் பிள்ளைகள் இருவரும் கான்வென்ட்டில்தான் படித்தார்கள். தயவுசெய்து உதட்டை மட்டும் அசைக்காதீர்கள். நேராக நின்று, கையைக் கட்டியோ கோத்தோ வைத்துக்கொண்டு, அமைதியாக இருந்தால் அதுவே பெரிய மரியாதை. சிலுவை அடையாளம் என்பது கையசைவு மட்டும் இல்லை. தந்தை, மகன், தூய ஆவியார் என்ற ஒரே கடவுளை நம்புகிறேன், அந்தப் பெயரால் திருமுழுக்குப் பெற்றிருக்கிறேன் என்று உடம்பால் சொல்வது. நம்பிச் செய்கிறவர்களுக்கு அது உயிர். நம்பாதவர் பிள்ளைகளுக்காகப் போட்டுக் காட்டினால் எங்களுக்குச் சந்தோஷம் வராது, சங்கடம்தான் வரும்.

திருப்பலிக்கு வகுப்பைக் கூட்டிப் போனால், எல்லாரும் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். முழந்தாளிடும் நேரத்தில் நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். நற்கருணை, அதாவது திருப்பலியில் ஃபாதர் கொடுக்கும் அப்பம், புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கிய கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் ஃபாதர் ஆசீர் கொடுப்பார். வகுப்பில் உள்ள மற்ற மதப் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் போய்க் கையை நீட்டிவிட்டு அந்தக் குழந்தை எல்லார் முன்னாலும் திகைத்து நிற்கும்.

செங்காங்_அப்பா

மேரி அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. நாங்களும் இந்துதான், மகள் இப்போது தொடக்கநிலை 4, அவள் எல்லாச் செபத்தையும் மனப்பாடமாகச் சொல்வாள், சாப்பிடும் முன் சிலுவை போடுவாள், அப்புறம் வீட்டில் விளக்கேற்றித் திருநீறும் பூசிக்கொள்வாள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நல்ல மனதோடு கும்பிடட்டும் என்றுதான் அந்தப் பள்ளியிலேயே சேர்த்தோம். சனிக்கிழமை நொவீனா ஆலயத்துக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை இந்துக்கள், எத்தனை சீனர்கள் மாதாவிடம் வேண்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை யாராவது வெளியே போகச் சொல்கிறார்களா? ஏழு வயதுப் பிள்ளை ஆசையாகக் கேட்டால் செய்யட்டும் என்று விட்டுவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

லூர்து_பங்கு_மேரி

@செங்காங்_அப்பா தம்பி, நொவீனாவுக்கு வருகிறவர்கள் தாங்களாக, ஒரு வேண்டுதலோடு வருகிறார்கள். அவர்கள் கண்ணீரை நானும் பார்த்திருக்கிறேன், அது பொய்யில்லை. உங்கள் மகளும் உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடுதான் செய்கிறாள். நான் சொல்வது, பெரியவர் ஒருவர் நம்பாததை நம்புவது போல் காட்ட வேண்டாம், பள்ளியும் ஒரு குழந்தையை அப்படிக் காட்டவைக்க வேண்டாம் என்பதைத்தான். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டிலேயே, யாரையும் மனச்சாட்சிக்கு எதிராகச் சமயச் செயலுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. எங்கள் திருச்சபையே சொன்னது அது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

அம்மா, அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொன்ன பதில் மிகச் சரி. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டம் 16ஆம் பிரிவில், தன் மதமல்லாத வேறு மதத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தப் பிள்ளையின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆக அந்தக் கேள்வி அம்மா அப்பாவிடம்தான் போக வேண்டும். டீச்சர் "போடு" என்றாலும் தப்பு, "போடாதே" என்றாலும் தப்பு. ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். பெற்றோர் சந்திப்பு வரை காத்திருக்காமல் அந்த அம்மாவுக்கு இப்போதே ஒரு போன் போட்டு, பிள்ளை இப்படிக் கேட்டாள் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை வீட்டில் வேறு விதமாகச் சொன்னால் பள்ளி மதம் மாற்றப் பார்க்கிறது என்று பேச்சு கிளம்பிவிடும், அதற்கப்புறம் விளக்குவது கஷ்டம்.

காதிர்_பழைய_மாணவன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் முஸ்லிம், எண்பதுகளில் லசாலியன் பிரதர்கள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் நடத்திய பள்ளியில் படித்தேன். 1852இல் இங்கே வந்து பள்ளி தொடங்கிய அதே சபைதான். எங்களுக்குச் செபம் தொடங்கும் முன் ஒரு வரி சொல்வார்கள், நாம் இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம் என்று. அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். அந்த மௌனத்தில் நான் மனதுக்குள் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா ஓதுவேன். பக்கத்தில் இருந்த சீனப் பையன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ஆனால் எங்கள் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்த நேரம் அன்றைக்கு முழுக்க வேறு கிடையாது. எங்கள் வகுப்பாசிரியர் கிறிஸ்தவர் இல்லை. அவர் கண்ணை மூடித் தலை குனிந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் எதையும் முணுமுணுக்கவில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே நாங்களும் நடிக்க வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டோம். எங்களை யாரும் அதற்காகக் குறைவாக நடத்தவும் இல்லை. டீச்சர், உங்களைப் பார்க்கும் பிள்ளைகளில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உங்கள் அமைதி வேண்டும்.

புது_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காதிர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு மனசு லேசாகிவிட்டது, நாளையிலிருந்து கண்ணை மூடி நின்றுவிடுகிறேன். அந்த அம்மாவிடமும் பேசிவிட்டேன். கூட நிற்கட்டும், ஆனால் சிலுவை போட வேண்டாம் என்றார், பிள்ளையும் சரி என்றுவிட்டாள். இன்னொரு சந்தேகம். அடுத்த திருப்பலியில் ஒரு மன்றாட்டு (எல்லாருக்காகவும் சொல்லும் வேண்டுதல்) தமிழில் வேண்டும், தயார் செய்து தாருங்கள் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதலாமா? யார் படிப்பது?

லூர்து_பங்கு_மேரி

தாராளமாக எழுதுங்கள், ஃபாதரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். படிப்பதற்குத் தமிழ் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளை இருந்தால் அவளையே விடுங்கள், இல்லையென்றால் யார் படிப்பது என்று ஃபாதர் சொல்லட்டும். நீளமாக வேண்டாம். நோயாளிகளுக்காகவோ, பள்ளியில் வேலை செய்யும் துப்புரவாளர்களுக்காகவோ ஒரே வாக்கியம் போதும். முடிவில் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று இருக்கட்டும். அதற்கு எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும், மற்ற பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாதே, அதனால் பதிலை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம். ழகரம், றகரம் மட்டும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், மைக் முன்னால் போனதும் பிள்ளைகள் அவசரப்படுவார்கள்.