கரண்ட் போய் வந்தால் புதுச் சான்றிதழை மட்டும் மொஸ்கிட்டோ ஏற்க மறுக்கிறது

மொட்டைமாடி:
வீட்டில் ஏழு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு) இருக்கின்றன. தொட்டி நீர்மட்டம், மோட்டார் ரிலே, வாசல் விளக்கு என்று ஆளுக்கொரு வேலை. எல்லாம் பழைய ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினியில் ஓடும் மொஸ்கிட்டோவோடு (சாதனங்களின் செய்திகளை வாங்கிக் கடத்தும் நிரல்) 8883 போர்ட்டில் பேசுகின்றன. ஒவ்வொரு சாதனமும் தான் யார் என்று காட்டும் கிளையன்ட் சான்றிதழ் கட்டாயம். கையால் சான்றிதழ் போட்டுப் போட்டு அலுத்துப்போய், பையிலேயே ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்தேன். சாதனம் சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பும், ஸ்கிரிப்ட் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியை வைத்து 30 நாளுக்குக் கையெழுத்திட்டுத் திருப்பித் தரும். 20 நாள் ஆனதும் சாதனம் மறுபடி கேட்கும்.

நேற்று விடியற்காலை கரண்ட் போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. இணையம் எட்டு மணிக்குத்தான். ஐந்து சாதனங்கள் உடனே இணைந்துவிட்டன. தொட்டியும் ரிலேவும் மட்டும் 'சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி'. மோட்டார் ஓடவில்லை, காலையில் குழாயில் காற்றுதான் வந்தது, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அரை மணிக்குள், நான் எதையும் தொடாமலே, இரண்டும் தாமாக இணைந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சிஏ (சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் தலைமை) கோப்பு, சாவி, பெயர் எல்லாம் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கின்றன.

பழையரவுட்டர்:
அந்த இரண்டும் எப்போது கையெழுத்தானவை? சான்றிதழில் தொடக்க நேரம் இருக்கும், பாருங்கள். கரண்ட் வந்ததும் பையின் லாக் எத்தனை மணியில் தொடங்குகிறது என்றும் சொல்லுங்கள். இணையத்திலிருந்து நேரம் எடுக்க டைம்சிங்க்டியா, க்ரோனியா?

மொட்டைமாடி:
க்ரோனி. இரண்டும் அன்றைக்கு 4:40-க்குக் கையெழுத்தானவை. கரண்ட் போனது 4:55, வந்தது 5:40. ஆனால் லாக் 4:17-இல் தொடங்குகிறது! இரண்டும் இணைந்ததாக லாக் சொல்லும் நேரம் 4:40.

பழையரவுட்டர்:
விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. பை 3-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்ற நிரல் மணிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி வைக்கும். உங்கள் லாக்கைப் பார்த்தால் கடைசியாக 4:17-க்கு எழுதியிருக்கிறது. கரண்ட் வந்ததும் பை அதை எடுத்துக்கொண்டு எழுந்தது. இணையம் இல்லாததால் க்ரோனியாலும் திருத்த முடியவில்லை. ஆக, 4:17 என்று நம்பிக்கொண்டிருக்கும் மொஸ்கிட்டோவுக்கு 4:40-இல் தொடங்கும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. 23 நிமிடம் போனதும் பிறந்துவிட்டது. மற்ற ஐந்தும் பல நாள் பழையவை, அதனால் தப்பின.

சாதனங்களின் கடிகாரம் 1970-இல் நின்றாலும் அவை ஏன் குறை சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஈஎஸ்பி32-க்கு நிரல் எழுதும் ஈஎஸ்பி-ஐடிஎஃப்பில், சான்றிதழைச் சரிபார்க்கும் எம்பெட்டிஎல்எஸ் தேதியைப் பார்ப்பது இயல்பாகவே அணைந்திருக்கும்.

டிஎஸ்3231 என்ற கடிகாரத் தொகுதி ஒன்று வாங்கிப் பையின் ஐ2சி ஊசிகளில் மாட்டுங்கள், பேட்டரியோடு. கூடவே தொடக்க நேரத்தை ஒரு நாள் முந்தையதாக வைத்துக் கையெழுத்திடுங்கள். 'எக்ஸ்509' கட்டளைக்குத் தொடக்க நேரம் கொடுக்கும் வசதி ஓப்பன்எஸ்எஸ்எல் 3.4-இல்தான் வந்தது, பழையதென்றால் 'சிஏ' கட்டளையின் ஸ்டார்ட்டேட்.

கம்பிக்காரன்:
கடிகாரம் சரி. எனக்கு உறுத்துவது அந்த ஸ்கிரிப்ட். சிஎஸ்ஆர் அனுப்புவது யார் என்று அது எங்கே பார்க்கிறது? மொஸ்கிட்டோவில் சான்றிதழின் பெயரையே பயனர் பெயராக எடுக்கும் அமைப்பை வைத்திருக்கிறீர்களா?

மொட்டைமாடி:
ஆமாம், வைத்திருக்கிறேன். வீட்டு வைஃபைதானே என்று எதையும் பார்க்கவில்லை.

கம்பிக்காரன்:
அப்படியென்றால் உங்கள் வைஃபை கடவுச்சொல் தெரிந்த யாரும் 'மோட்டார்' என்ற பெயரில் சிஎஸ்ஆர் அனுப்பி மோட்டாராகிவிடலாம். கேட்டவனுக்கெல்லாம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. இதற்குச் சான்றிதழே வேண்டாம், கடவுச்சொல்லே மேல்.

முதல் சான்றிதழுக்கு, ஃப்ளாஷ் செய்யும்போதே (நிரலை ஏற்றும்போதே) சாதனத்துக்கு ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன் (ரகசியக் குறியீடு) ஒன்று எழுதி வையுங்கள். புதுப்பிக்க வரும்போது டோக்கன் வேண்டாம். கையில் இருக்கும் சான்றிதழைக் காட்டித்தான் வர வேண்டும், பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஎஸ்ஆரில் கேட்கும் நீட்சிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். 'நானும் சிஏ' என்று ஒன்று கேட்டால் அதையும் கொடுத்துவிடும்.

இதெல்லாம் எழுத அலுப்பாக இருந்தால், இந்த வேலைக்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்டெப்-சிஏ நிரல். இயல்பாக 24 மணி நேரச் சான்றிதழ்தான் தரும், கடிகாரப் பிசகுக்காகத் தொடக்கத்தை ஒரு நிமிடம் முந்தையதாக வைக்கும். உங்கள் வீட்டுக்கு அந்த ஒரு நிமிடம் போதாது, அமைப்பில் கூட்டிக்கொள்ளுங்கள். காலாவதியான சான்றிதழைக் காட்டினால் புதுப்பிக்காது, அதுதான் இயல்பு. ஊருக்குப் போய் மெயினை அணைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் ஏழும் வெளியே நிற்கும். 24 மணியை நீட்டி விடுங்கள்.

மொட்டைமாடி:
டிஎஸ்3231 மாட்டி, ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிட்டேன். ரவுட்டரையும் பையையும் வேண்டுமென்றே அணைத்து, புதிதாகக் கையெழுத்தான வாசல் விளக்கை வைத்துப் பார்த்தேன்; இணையம் இல்லாமலே முதல் முயற்சியில் இணைந்தது. ஸ்கிரிப்ட்டை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். ஏழுக்கும் 20 நாள் ஆகும் முன் டோக்கன் வேலையை முடிக்க வேண்டும். அதுவரை தொட்டி நிரப்ப அம்மா கைச்சுவிட்சைத்தான் நம்புகிறார்.