மெடிக்கல் கோடிங்கா, மருத்துவமனை நிர்வாகமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தங்கை பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு மதுரையில் வீட்டில் இருக்கிறாள். லேப் வேலை பிடிக்கவில்லை, மருத்துவத் துறையை விடவும் மனமில்லை.

முதலில் கண்ணில் பட்டது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவர்களின் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10 குறியீடும், செய்த சிகிச்சைக்கு சிபிடி குறியீடும் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வருகிறது. இந்த வேலைக்கான சான்றிதழ் தேர்வு சிபிசி. அதில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கோடிங் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஆனால் அனுபவம் இல்லாதவர்களுக்கு முதலில் சிபிசி-ஏ (ஏ என்றால் அப்ரண்டிஸ், பயிற்சி நிலை) என்றுதான் சான்றிதழ் தருகிறார்கள். அந்த 'ஏ'வோடு சென்னை கம்பெனிகளில் எடுக்கிறார்களா? இல்லை, ஃப்ரெஷராகச் சேர்ந்துவிட்டு அப்புறம் தேர்வு எழுதுவது மேலா? "100% வேலை உறுதி" என்று போஸ்டர் ஒட்டும் பயிற்சி மையங்கள் மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இன்னொன்று, எம்பிஏ மருத்துவமனை நிர்வாகம். இரண்டு வருடம், செலவும் அதிகம். முடித்தவர்களுக்கு முதல் வேலை எதில் கிடைத்தது? இன்சூரன்ஸ் டெஸ்க்கா, முதல்வர் காப்பீட்டுத் திட்டப் பிரிவா, மருத்துவமனைகளுக்குத் தரும் என்ஏபிஹெச் தரச்சான்று வேலையா? மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் பேசுங்கள். அவளுக்கு அதில்தான் ஆசை, எங்களுக்கோ அந்தப் பக்கம் ஆளே தெரியாது.

நைட் ஷிஃப்ட் எந்த வேலையில் அதிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அம்மா கேட்கும் ஒரே கேள்வி அதுதான். இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.