ஃபவுலிங்குக்கு என்ன சொல்? வினையூக்கி நச்சாவதும் மூடிப்போவதும்

மடல் 1, லாசுப்பேட்டை, புதுச்சேரி

வணக்கம். ஹைட்ரஜன் தயாரிப்புப் பாடக்குறிப்பின் தமிழ் வரைவில், வினையூக்கி செயலிழக்கும் இரு வகைகளான ‘பாய்சனிங்’, ‘ஃபவுலிங்’ இரண்டுக்கும் ‘நச்சாதல்’ என்றே போட்டிருக்கிறது. இது சரியில்லை. கந்தகம், கார்பன் மோனாக்சைடு போன்றவை உலோகத்தின் வினையிடங்களைப் பற்றிக்கொண்டால் அது நச்சு. சோடியம் போரோஹைட்ரைடு என்ற உப்பை நீரோடு வினைபுரியவிட்டு ஹைட்ரஜன் எடுக்கையில் நடப்பது வேறு. கூடவே விளையும் சோடியம் மெட்டாபோரேட் வினையூக்கியை மூடிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.லி. நீரில் 20 கிராம் போரோஹைட்ரைடு முழுதும் வினைபுரிந்தால் சுமார் 35 கிராம் மெட்டாபோரேட் வரும், 19 மி.லி. நீர் செலவாகும். மிஞ்சும் 81 மி.லி. நீர் 25 டிகிரியில் ஏறக்குறைய 23 கிராமைத்தான் கரைத்து வைத்திருக்கும். மீதி 12 கிராம் எங்கே போகும்? படிகமாகும்போது அது நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசம். 10 கிராமோடு நிறுத்தினால் விளைவது 17 கிராம்தான், கரைந்தே நிற்கும்.

‘உப்புப் பூத்தல்’ என்று வைக்கலாமா? கடலோரத்துச் சுவரைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

மடல் 2, கடலூர் முதுநகர்

ஐயா, நச்சாதல் வேண்டாம் என்பது சரி. ஆனால் சுவரில் உப்பு உள்ளிருந்து வருகிறது, ஈரம் காயும்போது பூக்கிறது, விளக்குமாற்றால் தட்டினால் கொட்டிவிடும். இங்கே வெளியிலிருந்து வந்து, கரைசலுக்குள்ளேயே இறுகி, துளைகளை அடைக்கிறது.

வெறும் ‘படிவு’ என்றாலும் சிக்கல். நிக்கல் தகட்டைக் கோபால்ட் குளோரைடில் தோய்த்துப் போரோஹைட்ரைடு கரைசலில் இட்டால் கருப்பாகப் படிவதுதானே நம் வினையூக்கி? எந்தப் படிவை நீக்கச் சொல்கிறோம் என்று மாணவர் குழம்புவார்.

காய்ந்த ஏரி மண்ணுக்கும் ஆறும் புண்ணுக்கும் சொல்கிற ‘பொருக்கு’ பொருந்தும். பொருக்கேற்றம். ‘வினையூக்கி பொருக்கேறிவிட்டது’ என்று வினைச்சொல்லாகவும் வரும். எனக்கு அதுதான் முக்கியம். வினையாக வராத கலைச்சொல் அகராதியிலேயே கிடக்கும்.

சோதனையும் எளிது. வாயு வரும் வேகம் பாதியானதும் தகட்டை எடுத்து, 60 டிகிரி நீரில் பத்து நிமிடம் அலசி, புதுக் கரைசலில் இடுங்கள். வேகம் திரும்பினால் பொருக்கு. திரும்பாமல் அலசிய நீரின் அடியில் கருந்தூள் கிடந்தால் உதிர்வு, பூச்சு தகட்டில் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். நிக்கலை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவாமல் பூசினால் இப்படித்தான் உதிரும். பூசிய பிறகோ அமிலம் கூடவே கூடாது, கோபால்ட்டும் கரைந்துவிடும். காற்றிலும் காயவிடாதீர்கள். ஆக்சைடானால் வேகம் எதனால் குறைந்தது என்பதே தெரியாமல் போகும்.

மடல் 3, புதுச்சேரி

பொருக்கேற்றத்துக்கு என் வாக்கு. சோதனைக்கு மட்டும் ஒரு தடை. ஹைட்ரஜன் தரும் இன்னொரு சேர்மமான அம்மோனியா போரேனில் இது ஏமாற்றும். அங்கே ஒரு மோலுக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் போக, அம்மோனியாவும் கரைசலில் சேர்கிறது. அது உலோகத்தைப் பற்றும், அலசினால் ஓரளவு விட்டும் போகும். வேகம் திரும்பியதாலேயே பொருக்கு என்று எழுதினால் தப்பு. அது மீள் நச்சாதலாகவும், அதாவது பற்றியது விட்டுப்போனால் சரியாகிவிடும் நச்சாதலாகவும், இருக்கலாம். ஆகவே வரையறையில் அலசலைச் சேர்க்காமல், ‘வினைவிளைபொருள் திண்மமாகப் படிந்து வினையிடங்களை மறைத்தல்’ என்று போடுவோம். ஐயம் வந்தால் அலசுவதற்கு முன்னும் பின்னும் நைட்ரஜனில் உலர்த்தி எடை பார்த்தால் தெரிந்துவிடும். பொருக்குக்கு எடை உண்டு, பற்றிய அம்மோனியா தராசில் தெரியாது.

இன்னொன்று. நம் தகடான, துளைகள் நிறைந்த ‘நிக்கல் ஃபோம்’ என்பதை வரைவில் ‘நிக்கல் நுரை’ என்று போட்டிருக்கிறீர்கள். போரோஹைட்ரைடு கரைசலே நுரைத்துப் பொங்குவது. ‘நுரையை வழித்து எடுக்கவும்’ என்று அடுத்த பக்கத்தில் படிப்பவர் தகட்டையே தூக்கி வெளியே வைப்பார். ‘நிக்கல் பஞ்சுத்தகடு’ என்று மாற்றிவிடுங்கள்.