மறு: டிரேஸ் டேட்டா – தடயமா, சுவடா?

> 'தடயத் தரவு' என்றே வைத்துவிடலாமே, கேட்டதும் புரிகிறது.

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் 'டிரேஸ் டேட்டா'வுக்கு (மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கும்போது தன்போக்கில் விட்டுச்செல்லும் பதிவுகள்) எந்தத் தமிழ்ச்சொல் என்பதுதான் பேச்சு.

கேட்டதும் என்ன புரிகிறது என்பதுதான் என் கவலை. தடயம் என்றால் தடயவியல், காவல்துறை, குற்றவாளி. ஆய்வில் பங்கேற்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் "உங்கள் தடயங்களைச் சேகரிக்கிறோம்" என்று எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

நேர்காணலிலும் கருத்துக்கணிப்பிலும் நாம் கேட்கிறோம், அவர்கள் சொல்கிறார்கள். டிரேஸ் டேட்டாவில் யாரும் கேட்கவில்லை. தன் வேலையாகப் போனவர் விட்டுச்சென்ற பதிவை ஆய்வாளர் பின்னால் வந்து எடுத்துக்கொள்கிறார். தேடல் சொற்கள், விருப்பக்குறிகள், கைப்பேசிக் கோபுரப் பதிவுகள் எல்லாம் இந்த வகைதான்.

இதற்குக் கணினிகூடக் கட்டாயமில்லை. சிகாகோவின் அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் காட்சிக்கு முன்னாலிருந்த தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததாம். மற்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் தாங்கின. எங்கே கூட்டம் என்பதைத் தேய்ந்த ஓடே காட்டிவிட்டது. சமூக அறிவியலாளர்கள் 1966இலேயே இதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 'எண்ணிம' (டிஜிட்டல்) என்ற அடை தேவைப்படும்போது மட்டும் வந்தால் போதும். (எண்ணிமமா இலக்கமுறையா என்ற சண்டையை இந்த இழையில் தொடங்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.)

இந்த இழையில் 'எச்சத் தரவு' என்று முன்மொழிந்தவர் "எச்சத்தாற் காணப்படும்" என்று குறளையே துணைக்கு அழைத்துவிட்டார். தொல்லுயிர் எச்சம் என்ற சொல்லும் நமக்குப் பழகியதுதான். ஆனாலும் வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்குப் பறவைதான் நினைவுக்கு வரும். சரி, தடம்? அது ஜிபிஎஸ் பதிவுகளுக்கு வேண்டும், விட்டுவைப்போம்.

என் வாக்கு 'சுவட்டுத் தரவு'க்கு. மணலில் பதிந்த சுவட்டில் காலை மட்டுமல்ல, செருப்பையும் பார்க்கிறோம். இந்தத் தரவின் வம்பே அங்கேதான் இருக்கிறது. தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்க கூகுள் 2008இல் ஒரு சேவை தொடங்கியது. 2012–13 குளிர்காலத்தில் அதன் கணிப்பு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. செய்தி பார்த்துப் பயந்த, நோயில்லாதவர்களும் தேடியிருக்கலாம். தேடுபொறி தானாக எடுத்துக்கொடுக்கும் பரிந்துரைகளும் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தன. எது கால் (மனிதர் தாமாகச் செய்தது), எது செருப்பு (கருவி செய்யவைத்தது) என்று பிரிக்க முடியாமல் போனது. தடயம் என்ற சொல்லில் இந்த எச்சரிக்கை இல்லை. அது ஏதோ உறுதியான சான்று என்ற நம்பிக்கையைத் தருகிறது.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. ஓலைச்சுவடிகளை மின்னாக்கம் செய்வோர் 'சுவடித் தரவு' என்று எழுதினால் இரண்டும் எளிதில் குழம்பிப்போகும். அவர்கள் 'சுவடித் தொகுப்பு' என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது, ஆனால் அதை அவர்களிடம் கேட்க வேண்டும்.

அப்புறம், நோய்த்தொற்று ஆய்வில் வரும் டிரேசிங்குக்குத் 'தடமறிதல்' ஏற்கெனவே இருக்கிறது. நம் பட்டியலில் அதைத் தொட வேண்டாம்.