கிள்ளையில் நண்பன் வீடு, கையில் ஒரே ஒரு நாள்: பிச்சாவரம் போகலாமா?

கேட்டவர்: மேட்டூர்க்காரன்

கல்லூரித் தோழன் ஒருவன் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் இருக்கிறான். ஐந்து வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். சனி இரவு சேலத்தில் பஸ் ஏறினால் விடியும்போது சிதம்பரம். திங்கள் காலை வேலைக்கு வந்தாக வேண்டும். பிச்சாவரத்துக்கு எந்த நேரத்தில் போவது நல்லது? இன்னொன்று: அவனுடைய அம்மா நண்டுக் குழம்பு வைக்கப்போகிறாராம். நான் அணை மீன் தின்று வளர்ந்தவன். நண்டை எங்கே தொடங்கி எப்படிச் சாப்பிடுவது என்றே தெரியாது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

---

பதில்: நிழல்தேடி

காலையிலேயே போய்விடுங்கள். வாய்க்காலுக்குள் நுழைந்துவிட்டால் மரங்கள் நிழல் தரும். அதுவரை திறந்த நீர்ப்பரப்புதான், வெயில் மேலேயும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். தொப்பி அவசியம்.

---

பதில்: ஒற்றைச்செருப்பு

நேரம் இருக்கட்டும், முதலில் நாட்காட்டியில் திதியைப் பாருங்கள். சோதிட நம்பிக்கையில் சொல்லவில்லை, பட்டதால் சொல்கிறேன்.

எனக்கும் கிள்ளையில் ஒரு நண்பன் உண்டு. மாசி மகத்துக்கு வா என்று அழைத்திருந்தான். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராக சுவாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடலுக்கு வருகிற நாள் அது. எனக்கு விடுமுறை கிடைத்ததோ அதற்கு மறுநாள். "சாமி நேற்றே குளித்தாகிவிட்டது, நீ இன்றைக்கு வந்து யாரைப் பார்க்கப்போகிறாய்?" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை எடுத்தான்.

பையை வைக்கக்கூட விடாமல் முடசல் ஓடைக்கு அழைத்துப் போனான். படகுகள் வந்து சேர்ந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. கொடுவா, கிழங்கான், மடவை என்று நண்பன் பெயர் சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாமே மீனாகத்தான் தெரிந்தன. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவரிடம் இரண்டு கிலோ சேற்று நண்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரியது, கொடுக்குகளை மடக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பேரம் பேசி வாங்கியது நான். அந்தப் பெருமை வீட்டு வாசல் வரைதான் நீடித்தது.

அம்மா ஒரு நண்டைப் புரட்டி, வயிற்றுப் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அது உள்ளே அமுங்கியது. "பௌர்ணமி நண்டு. வெறும் ஓடுதான் எடை. குழம்புக்கு ஆகும், வறுவலுக்கு ஆகாது" என்று முறத்தில் போட்டார். நண்பன் என்னைப் பார்த்தான், நான் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

காலையில் இட்லிக்குக் கொத்சு. சிதம்பரத்துக் கொத்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, மத்தின் அடிப்பக்கத்தால் மசித்து, புளிக்கரைசலை ஊற்றினார். தனியா, காய்ந்த மிளகாய், கடலைப் பருப்பு மூன்றையும் வறுத்துப் பொடித்தது ஒரு கிண்ணத்தில் தயாராக இருந்தது. பொடியைப் போட்டதும் இறக்கிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வளையமாக நிற்கும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. நான் 11 இட்லி சாப்பிட்டேன். எண்ணியது நண்பன். அதற்குப் பிறகு யாரால் எழுந்து நடக்க முடியும்? திண்ணையில் சாய்ந்தவர்கள் படகில் ஏறும்போது மணி ஒன்று.

பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்த அலையாத்திக் காடு. கடல் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும் அதற்குள்ளும் உண்டு. இது எனக்குப் பள்ளிப் பாடமாகத் தெரியும். துடுப்புப் போட்ட பெரியவர் அனுபவத்தில் சொன்னார்: "தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது தம்பி, பெரிய வாய்க்காலோடு திரும்பிவிடலாம்." நான்தான் கேட்கவில்லை. இருபுறமும் சுரபுன்னை வேர்கள் கூடைப் பின்னலாக இறங்கி, மேலே கிளைகள் கூடி, பச்சைக் குகைபோல ஒரு சிறு வாய்க்கால் தெரிந்தது. "அது மட்டும், ஐந்து நிமிடம்" என்று கெஞ்சினேன். வேர்களில் ஒரு முழ உயரத்துக்கு ஈரம் கோடு போட்டிருந்தது. மேலே வெளிறிய சாம்பல், கீழே பளபளக்கும் கறுப்பு. அழகாக இருக்கிறதே என்று நாலைந்து படம் பிடித்தேன். தண்ணீர் அவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? அப்போது புத்தியில் ஏறவில்லை.

திரும்பும் வளைவில் படகு நின்றது. பெரியவர் துடுப்பை ஊன்றினார், பாதித் துடுப்பு சேற்றுக்குள் போயிற்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இறங்கித் தள்ளுகிறேன் என்று வீரமாகக் குதித்தேன். முழங்கால் வரை போனேன், அசைந்தேன், தொடை வரை போனேன். இடது செருப்பு போன இடம் தெரியவில்லை. கரையோரமாக நீட்டிக்கொண்டிருந்த கிளையைப் பிடிக்கக் கையை உயர்த்தியதும், அதுவரை பேசாதிருந்த பெரியவர் கத்தினார்: "அதைத் தொடாதே, தில்லை!" அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும் என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். தில்லை என்றால் அதுவரை எனக்கு நடராசர் மட்டுமே.

அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இருளர்கள். வலை கிடையாது. மார்பளவு தண்ணீரில் அமர்ந்தபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிப் பிடித்து, ஓலையில் முடைந்த பறிக்குள் போடுகிறார்கள். அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு, "காலை நேரே பிடுங்காதே. குதிகாலை முதலில் அசைத்துத் தூக்கு, தண்ணீர் உள்ளே போகட்டும், தானாக விடும்" என்றார். விட்டது. அவர்கள் இருவரும் பெரியவரும் நண்பனும் தள்ள, நான் என்னையே தள்ளிக்கொண்டு, பெரிய வாய்க்காலுக்கு வர நாற்பது நிமிடம். நண்பன் பணம் எடுத்தான். "சும்மா எதற்கு, இறாலை வாங்கிக்கொள்" என்று அரைக் கிலோவை அவனுடைய துண்டில் கொட்டினார்.

வீடு சேர நான்கு மணி. கிணற்றடியில் ஆறேழு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்த இறாலை வெறும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு அம்மா பிரட்டிக் கொடுத்தார். நண்டு அம்மா சொன்னபடியே ஓடாகத்தான் இருந்தது, ஆனால் சோறு முழுவதும் அதன் குழம்பில்தான் போயிற்று.

இனி உங்கள் கேள்வி. சின்னக் கால்களில் தொடங்குங்கள். கணுவில் ஒடித்துக் கடித்து உறிஞ்சினால் போதும். பிறகு மேல் ஓட்டைப் பிரித்து, உடலை இரண்டாக உடைத்து, அறை அறையாக இருக்கும் சதையை விரலால் நெம்பி எடுங்கள். கொடுக்கைக் கடைசியாக வையுங்கள், அதைப் பல்லால் முயல வேண்டாம். அந்த வீட்டில் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

---

பதில்: கிள்ளை மருமகள்

இருபது வருடமாகக் கிள்ளையில் குடித்தனம் செய்கிறவள் என்ற உரிமையில் சில திருத்தங்கள். கோயிலில் கொத்சுக்குத் துணை சம்பா சாதம். மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சாதம் அது. இட்லிக்குக் கொத்சு வைப்பது வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் கடலைப் பருப்பு கொஞ்சம் குறைவாகப் போடுவோம்.

நண்டு விஷயத்தில் நிலாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. நண்டு ஓடு கழற்றி வளரும் உயிர். புது ஓடு வந்த சமயத்தில் உள்ளே தண்ணீர்தான் இருக்கும், அது எந்தத் திதியாக இருந்தாலும். உங்கள் நண்பரின் அம்மா செய்ததுபோல வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள். கல்போல நின்றால் வாங்கலாம்.

மாசி மகத்தைத் தவறவிட்டீர்களே. பூவராகர் வரும்போது இங்குள்ள தர்காவில் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்பார்கள். அதற்காகவே இன்னொரு முறை வாருங்கள்.

அப்புறம், சேற்றையும் வேரையும் கிண்டல் செய்தாலும் சரி, 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் தப்பியது இந்த வேர்களால்தான் என்று எங்கள் பக்கத்தில் கும்பிடாத குறையாகச் சொல்வார்கள்.

---

பதில்: மேட்டூர்க்காரன்

நன்றி. நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன். நான் போகும் ஞாயிறு தேய்பிறை அஷ்டமி. வீட்டில் இப்போதே, "அஷ்டமியில் யாராவது ஊருக்குக் கிளம்புவார்களா?" என்று தொடங்கிவிட்டார்கள்.

---

பதில்: ஒற்றைச்செருப்பு

கண்ணை மூடிக்கொண்டு கிளம்புங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் தண்ணீர் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். அஷ்டமி பக்கம் அந்த ஆட்டம் குறைவு. இருந்தாலும் படகோட்டி திரும்பலாம் என்றால் திரும்பிவிடுங்கள். இட்லியை ஆறோடு நிறுத்திக்கொண்டால் எட்டு மணிக்குப் படகில் இருக்கலாம்.

---

பதில்: கிள்ளை மருமகள்

ஆறோடு நிறுத்த அந்த அம்மா விடமாட்டார். ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.